முழுகப் போகிற ஊரில் வளர்ந்தவள் சொல்கிறேன்

நீளமான பதிவு இது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் படிக்க உட்காராதீர்கள்.

ஒரே வீடியோவை நாலைந்து பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். இலங்கை மலையகத்தில் மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கி, பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயிலும் புத்த விகாரையும் மசூதியும் சேற்றோடு வெளியே தெரிகிற வீடியோ. எப்போதோ எடுத்தது, சுற்றிச் சுற்றி வருகிறது. "டீச்சர், இது நீங்க பிறந்த ஊர்தானே? செம அழகு!" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. அழகுதான், மறுக்கவில்லை. மேட்டூர் அணையில் தண்ணீர் குறைந்தாலும் பண்ணவாடி ஜலகண்டேசுவரர் கோயில் நந்தி தெரிகிறது, பழைய தேவாலயத்தின் கோபுரம் தெரிகிறது என்று பேப்பரில் படத்தோடு செய்தி வரும். பவானிசாகரில் டணாய்க்கன் கோட்டைக் கோயில் தலை காட்டினால் பார்க்கக் கூட்டம் போகும்.

இந்தச் செய்திகள் எல்லாமே ஊர் முழுகின பிறகு உள்ள கதை. முழுகுவதற்கு முன்னால், முழுகப் போகிறது என்று தெரிந்துகொண்டே பல வருஷம் அங்கே ஜனங்கள் குடியிருந்தார்களே, அதை யாரும் எழுதிப் பார்க்கவில்லை. அதில் குழந்தைகளும் இருந்தார்கள். நான் அதில் ஒருத்தி. அதனால் எனக்கு இதில் ஒரு கருத்து உண்டு. ஓர் ஊருக்குச் சேதம் தண்ணீர் ஏறுகிற அன்றைக்கு ஆரம்பிப்பதில்லை. "இந்த ஊர் போகப் போகிறது" என்று சொன்ன அன்றைக்கே ஆரம்பித்துவிடுகிறது. அந்தக் காத்திருந்த வருஷங்களுக்கு எந்த அரசாங்கமும் கணக்கு வைப்பதில்லை. வைக்க வேண்டும் என்கிறேன்.

விவரம் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மஸ்கெலியா என்பது நுவரெலியா மாவட்டத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற சின்ன நகரம். அட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் போக வேண்டும். அதைத் தாண்டிப் போனால் நல்லதண்ணி. அங்கிருந்துதான் சிவனொளிபாத மலை ஏறுவார்கள். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசிப் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாரும் ஏறுகிற மலை அது. எங்கள் அப்பாவுக்குப் பிள்ளையார்பட்டிதான் பூர்வீகம். நம்ம பக்கத்து முதலாளி ஒருவரின் புடவைக் கடையில் கணக்கு எழுத பதினெட்டு வயதில் அங்கே போனவர். 1958-இல் நான் பிறந்தது பழைய மஸ்கெலியா கடைத்தெருவில், கடைக்குப் பின்னாலிருந்த வாடகை வீட்டில். தகரக் கூரை. மழை பெய்தால் பேசுகிறது காதில் விழாது. அந்த ஊரில் மழை பெய்யாத நாள் குறைவு.

1969-இல் மவுசாகலை நீர்த்தேக்கம் வந்து அந்த ஊர் தண்ணீருக்குள் போயிற்று. லக்சபான மின் திட்டத்துக்காகக் கட்டிய அணை. மேட்டில் புதிய மஸ்கெலியா உருவானது, இன்றைக்கும் இருக்கிறது. அப்போது எனக்குப் பதினோரு வயது. ஆனால் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே "ஊர் தண்ணிக்குள்ள போகப் போகுது" என்ற பேச்சு வீட்டில் இருந்தது. பக்கத்தில் காசல்ரீ நீர்த்தேக்கம் எங்களுக்கு முன்னாலேயே நிரம்பிவிட்டது. அட்டனுக்குப் பஸ்ஸில் போகும்போது வழியெல்லாம் அது தெரியும். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பவே மாட்டாள். எனக்கு அது வெறும் தண்ணீர், பார்க்க ஆசையாக இருக்கும்.

அந்த மாதிரி ஊரில் என்ன நடக்கும் தெரியுமா? ஒன்றும் நடக்காது. அதுதான் விஷயம். சுவருக்கு வெள்ளையடிக்க மாட்டார்கள், எதற்கு என்பார்கள். கூரைத் தகரம் ஓட்டையானால் மாற்ற மாட்டார்கள், பாத்திரத்தை வைத்து ஒப்பேற்றுவார்கள். பின்கட்டில் கொய்யா வைக்கலாம் என்று நான் குச்சியை ஊன்றினால், "அது காய்க்கிறதுக்குள்ள நாம எங்க இருக்கோமோ" என்று அப்பா சிரிப்பார். அட்டனில் மொத்த வியாபாரம் செய்தவர்கள் எங்கள் ஊர்க் கடைகளுக்குக் கடன் கொடுப்பதைக் குறைத்தார்கள். அப்பா கடையிலும் கடன் கொப்பியை மூடச் சொல்லிவிட்டார் முதலாளி. மாதச் சம்பளம் வாங்கித் தீபாவளிக்குத் துணி எடுக்க வருகிற தோட்டத்து ஜனங்களுக்குக் கடன் இல்லையென்றால் வியாபாரம் ஏது? பெண் கேட்டு வந்தவர்கள் கூட, "மாப்பிள்ளை அங்கேயே இருப்பாரா, ஊர் மாறுவாரா" என்று விசாரித்துவிட்டுத் தள்ளிப் போட்டார்கள். வாசற்படி உடைந்தால் கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். ஊரே முட்டுக் கொடுத்து நின்றது.

குழந்தைகள் எதையும் விளையாட்டாக்கிவிடுவார்கள். தண்ணீர் எதுவரை வரும் என்று அளந்தவர்கள் அங்கங்கே அடையாளம் வைத்திருந்தார்கள். அதற்கு மேலே நின்றால் மனுஷன், கீழே நின்றால் மீன் என்று நாங்கள் ஒரு ஆட்டம் கண்டுபிடித்தோம். மீன் ஆனவர்கள் கையை ஆட்டிக்கொண்டே மேலே ஓடி வந்து மனுஷர்களைத் தொட வேண்டும். எங்கள் வீடு கீழே. நான் எப்போதும் மீன்தான். பெரியவர்கள் பார்த்தால் அடிப்பார்கள். ஏன் அடிக்கிறார்கள் என்று அப்போது புரியவில்லை.

பள்ளிக்கூடத்தைச் சொல்லாமல் நான் எப்படி விடுவேன்? ரெண்டாம் வகுப்பில் நாங்கள் முப்பத்தெட்டுப் பேர். அஞ்சாம் வகுப்பில் பதினாலு. ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிக்கொண்டே இருந்தது. எங்கள் ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் போனவர்கள் பெயரைச் சிவப்பு மையால் அடிப்பார். அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருப்பார். உடைந்த பெஞ்சுக்குப் பதில் வேறு பெஞ்சு வரவில்லை. ஒரு ஆசிரியர் மாற்றலாகிப் போனார், அவர் இடத்துக்கு ஆள் வரவில்லை. முழுகப் போகிற பள்ளிக்கூடத்துக்கு யார் பெஞ்சு அனுப்புவார்கள்? அந்த ரெண்டு மூன்று வருஷத்தில் எனக்குப் போன படிப்பு, பிறகு இந்தியா வந்து ஒரு வகுப்பு இறக்கிச் சேர்த்ததில்தான் சரியாயிற்று. பின்னாளில் முப்பத்தைந்து வருஷம் நானே பதிவேடு எழுதினேன். டி.சி. வாங்க வருகிற பெற்றோரிடம் "ஏன் போறீங்க" என்று நான் கேட்காமல் விட்டதே இல்லை. அது வம்பு என்று நினைத்தவர்கள் இதைப் படித்தால் காரணம் தெரிந்துகொள்ளட்டும்.

எங்களுக்கு இன்னொரு காத்திருப்பும் சேர்ந்துகொண்டது. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். நாடற்றவர்களாக நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று. பிறகு 1974-இல் அந்த ஒன்றரை லட்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தோசையைப் பிய்க்கிற மாதிரி. எங்களைச் சுற்றியிருந்த லயங்களில் எல்லாம் அப்போது இதே பேச்சு: "நீங்க எந்தப் பக்கம் எழுதிக் கொடுத்தீங்க?" அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். கீழே தண்ணீர் வரப் போகிறது, மேலே கடிதாசி வரப் போகிறது, எது முதலில் வரும் என்று தெரியாமல் ஜனங்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் அப்பா தோட்டத்து ஆள் இல்லை, இந்தியப் பாஸ்போர்ட்டில் தற்காலிக அனுமதியோடு இருந்தவர். அந்த அனுமதியை மறுபடி நீட்டிக்கவில்லை. 1970-இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து இறங்கினோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறாது. எங்கள் ஊரை முழுக அடித்தது மின்சாரத்துக்காக. கொழும்பில் விளக்கு எரிந்தது, தொழிற்சாலை ஓடியது, சந்தோஷம். அந்த நீர்த்தேக்கத்தின் கரையிலேயே இருந்த லயங்களில் அப்போது குப்பி விளக்குதான். அதற்கப்புறமும் பல வருஷம் குப்பி விளக்குதான்.

பிள்ளையார்பட்டிக்கு வந்தபோது எனக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது வெயில் இல்லை, இந்த ஊர் மனுஷர்களின் நிச்சயம். பாறையைக் குடைந்து ஆயிரம் வருஷத்துக்கு மேலாக ஒரு பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த சதுர்த்திக்குத் தேர் ஓடும் என்பதில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. அப்பத்தா வேப்பங்கன்றை நட்டுவிட்டு, "உன் பிள்ளை கல்யாணத்துக்கு இதுல பந்தக்கால் கட்டலாம்" என்றார். எனக்குப் பன்னிரண்டு வயது. என் பிள்ளை கல்யாணம் வரைக்கும் ஒரு மரம் ஒரே இடத்தில் நிற்கும் என்று யாரோ சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. இங்கே பிறந்து வளர்ந்த உங்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். அது ஒரு சொத்து, எந்தப் பத்திரத்திலும் எழுதாத சொத்து. அதைப் பறிகொடுத்தவர்களுக்கு நஷ்டஈடு என்ன என்பதுதான் என் கேள்வி.

இந்த இடத்தில் என் தம்பி மகன் (பொதுப்பணித் துறையில் இன்ஜினியர், அவனும் இதைப் படிப்பான்) சண்டைக்கு வருவான் என்று தெரியும். "அத்தை, அணையே கட்டக் கூடாதா? நீங்க குடிக்கிற தண்ணி எங்கிருந்து வருது?" என்பான். சரியான கேள்வி. நான் அணைக்கு விரோதி இல்லை. செட்டிநாட்டில் ஆறு கிடையாது. பெரிய ஆறு எதுவும் எட்டிப் பார்க்காத பூமி இது. அதனால்தான் நம் பெரியவர்கள் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டினார்கள், வீட்டு முற்றத்தில் விழுகிற மழையை அண்டாவில் பிடித்தார்கள். இன்றைக்கு நம் சிவகங்கை மாவட்டத்தில் பல ஊர்களுக்கு ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் திருச்சிப் பக்கத்திலிருந்து காவிரித் தண்ணீர் வருகிறது. அந்தக் காவிரி மேட்டூரில் நின்று வருகிற காவிரி. திருப்புவனம், மானாமதுரைப் பக்கம் வயல்காரர்கள் வைகை அணையில் எத்தனை அடி என்று பார்த்துத்தான் மூச்சு விடுகிறார்கள். வைகை அணை 1959-இல் திறந்தது. அதன் அடியிலும் ஊர்கள் இருக்கின்றன. கவிஞர் வைரமுத்து பிறந்த ஊர் அதில் ஒன்று. சாகித்ய அகாதமி விருது வாங்கிய அவருடைய கள்ளிக்காட்டு இதிகாசம் அந்த முழுக்கத்தைப் பற்றியதுதான். ஆக, நான் இரண்டு பக்கமும் நின்றவள். சின்ன வயதில் மீனாக இருந்தேன், இப்போது குழாயடியில் நிற்கிறேன்.

குழாயடியில் நிற்கிறவளாகவே கேட்கிறேன். மேட்டூர் அணை வேலை 1925-இல் ஆரம்பித்து 1934-இல் முடிந்தது. முழு நீர்மட்டம் 120 அடி. கொள்ளளவு எவ்வளவு என்று கேட்டால் 93.47 டி.எம்.சி. என்று பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். புள்ளிக்கு அப்புறம் இரண்டு இலக்கம் வரை தண்ணீரை அளந்து வைத்திருக்கிறோம். அந்தத் தண்ணீருக்காக எழுந்து போன மனுஷர் எத்தனை பேர் என்று கேட்டால் யார் சொல்வார்? உலக அணைகள் ஆணையம் என்று ஒன்று இருந்தது. 2000-ஆம் வருஷம் அறிக்கை கொடுத்தது, லண்டனில் நெல்சன் மண்டேலா வந்து வெளியிட்டார். பெரிய அணைகளால் உலகம் முழுக்க இடம் பெயர்ந்தவர்கள் நாலு கோடியிலிருந்து எட்டு கோடிப் பேர் வரை இருக்கலாம் என்று அதில் இருக்கிறது. நாலுக்கும் எட்டுக்கும் நடுவில் நாலு கோடி. கணக்கு வாத்தியாராக இருந்தால் அந்த விடைத்தாளுக்கு நான் மதிப்பெண் போட மாட்டேன். ஆணையத்தின் மேல் தப்பு இல்லை. எண்ணி வைத்திருந்தால்தானே அவர்கள் கூட்டிச் சொல்ல முடியும்?

எங்கள் அப்பா அப்படி எண்ணாமல் விடப்பட்டவர்களில் ஒருவர். இடம் அவருடையது இல்லை, கடை அவருடையது இல்லை, வீடு வாடகை. இருபது வருஷம் அந்தத் தெருவில் நடந்தவர், ஆனால் எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. எனக்கு ஒரு தம்பி பிறந்து பதினோரு நாளில் இறந்துபோனான். அவனைப் புதைத்த இடமும் அங்கேதான் அடியில் இருக்கிறது. அதற்கும் எந்தப் பாரத்திலும் கட்டம் கிடையாது.

நம் நாட்டுச் சட்டம் இப்போது மாறியிருக்கிறது, நல்லபடியாகவே மாறியிருக்கிறது. 1894-ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டத்தை எடுத்துவிட்டு, 2013-இல் புதிய நிலம் கையகப்படுத்தல் சட்டம் கொண்டுவந்தார்கள். 2014 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. நிலத்துக்காரர் மட்டும் பாதிக்கப்பட்டவர் என்று இல்லாமல், அந்த இடத்தை நம்பி மூன்று வருஷமாகப் பிழைத்த குத்தகைதாரர், கூலிக்காரர், கைவினைஞர் குடும்பங்களையும் அது சேர்த்துக்கொள்கிறது. இடம் பெயர்கிற குடும்பத்துக்கு ஒரு வருஷத்துக்கு மாதம் 3,000 ரூபாய், சாமான் ஏற்றிப் போக 50,000 ரூபாய் என்று எழுதியிருக்கிறது. அணைத் திட்டமாக இருந்தால் தண்ணீர் ஏறுவதற்கு ஆறு மாதத்துக்கு முன்பே மறுகுடியமர்த்தல் முடிந்திருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எங்கள் அப்பா காலத்தில் இப்படி ஒரு சட்டம் அங்கே இருந்திருந்தால் அவர் பெயரும் ஏதோ ஒரு காகிதத்தில் ஏறியிருக்கும்.

ஆனால் காத்திருந்த காலத்துக்கு அதில் என்ன இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். சமூகத் தாக்க மதிப்பீட்டுக்கான அறிவிப்பு வந்த நாளிலிருந்து தீர்ப்பு வருகிற வரைக்கும் நிலத்தின் சந்தை மதிப்பில் வருஷத்துக்கு 12 சதவீதம் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறது. அதாவது, காத்திருந்தால் நஷ்டம் உண்டு என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் அது நிலத்துக்கு. நிலம் இல்லாமல் அங்கே காத்திருந்தவனுக்கு? பெஞ்சு வராத பள்ளிக்கூடத்தில் அஞ்சு வருஷம் படித்த குழந்தைக்கு?

இது பழைய கதை என்று நினைக்காதீர்கள். உத்தரகாண்டில் டெஹ்ரி என்று ஒரு பழைய ராஜதானி நகரம் இருந்தது. அணை என்று 1970-களிலேயே முடிவாகிவிட்டது. ஊர் முழுகினது 2005-இல். ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகி, அதற்கும் குழந்தை பிறக்கிற அளவு காலம் "போகப் போகிறது, போகப் போகிறது" என்றே அந்த ஊர் இருந்தது. மத்தியப் பிரதேசத்தில் ஹர்சூத் நகரத்துக்கு 2004 ஜூன் 30 என்று கெடு வைத்தார்கள். ஜனங்கள் தங்கள் வீட்டைத் தாங்களே இடித்துச் செங்கல்லையும் கதவையும் அள்ளிக்கொண்டு போனார்கள். ஆந்திராவில் கோதாவரி மேல் போலவரம். 1980-களின் தொடக்கத்திலேயே அடிக்கல் நாட்டிய திட்டம் அது, இன்னும் வேலை நடக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள், அதில் பெரும்பகுதி ஆதிவாசிகள். அங்கே மூன்றாவது தலைமுறைக் குழந்தைகள் இப்போது மீன் விளையாட்டு விளையாடிக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். தண்ணீர் இல்லாவிட்டாலும் காத்திருப்பு ஒன்றுதான். நம் தமிழ்நாட்டிலேயே பரந்தூர் விமான நிலையத்துக்கு 2022-இல் இடம் அறிவித்தார்கள். ஏகனாபுரம் பக்கத்தில் அன்றிலிருந்து இன்றைக்கு வரை வீட்டுக்கு மாடி எடுக்கலாமா வேண்டாமா என்று ஒருத்தர் யோசித்துக்கொண்டேதான் இருப்பார். விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்று நான் இங்கே வழக்காடவில்லை. யோசிக்கிறவருக்கு யார் பதில் சொல்வது என்றுதான் கேட்கிறேன்.

நான் சொல்வதை நடைமுறையில் செய்ய முடியாது என்று என் தம்பி மகன் மறுபடியும் சொல்வான். முடியும் தம்பி. மனவருத்தத்துக்கு விலை போடச் சொல்லவில்லை. கடைசி நாள் வரைக்கும் அந்த ஊரை உயிரோடு இருக்கிற ஊராக நடத்து என்கிறேன். முழுகப் போகிற ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் ஆசிரியரை நியமி, ஓட்டைக் கூரையை மாற்று. ரெண்டு வருஷம்தானே என்று விடாதே. அந்த ரெண்டு வருஷம் ஒரு குழந்தைக்கு மூன்றாம் வகுப்பும் நாலாம் வகுப்பும். அது திரும்ப வராது. அந்தச் செலவைத் திட்டச் செலவிலேயே எழுது, சிமெண்டுக்குப் பக்கத்தில். இடம் மாற்றும்போது பள்ளிக்கூடத்தை முதலில் கட்டு, வகுப்பை வகுப்பாகவே கொண்டுபோ. எங்கள் பதினாலு பேரையும் ஒன்றாக ஒரே இடத்தில் உட்கார வைத்திருந்தால் நாங்கள் ஊரை இழந்திருப்போம், வகுப்பை இழந்திருக்க மாட்டோம். அந்தப் பதினாலு பேரில் ஒருத்தியைத் தவிர மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த ஒருத்தியும் கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்தில்தான் வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். தேயிலை விட்டுத் தேயிலை.

தேதியைச் சொல்லிவிடுவது இன்னொரு விஷயம். வரும் வரும் என்று இருபது வருஷம் இழுக்காமல், இன்ன வருஷத்துக்குள் திட்டம் ஆரம்பிக்கவில்லை என்றால் அறிவிப்பு ரத்து என்று இருந்தால் ஜனங்கள் கூரையாவது மாற்றிக்கொள்வார்கள். சட்டத்தில் இதற்குக் காலக்கெடு கொஞ்சம் இருக்கிறது. ஆனால் பெரிய திட்டங்களில் கெடு நீள்வதும், புது அறிவிப்பு வருவதும் நாம் பார்க்கிறதுதான்.

அப்புறம் பட்டியல். உங்களில் சிலர் வருவாய்த் துறையில் இருக்கிறீர்கள், மூன்று பேர் சர்வேயர்கள். உங்களை மூன்றாம் வகுப்பில் அடிஸ்கேலைப் பிடிக்க வைத்தவள் என்கிற உரிமையில் கேட்கிறேன். எங்கேயாவது ஓர் ஊரை இப்படி அளக்கப் போனால் கிணறு எத்தனை, தென்னை எத்தனை என்று எழுதுவீர்கள். அப்போது அந்தத் தெருவில் யார் யார் குடியிருந்தார்கள் என்று வாடகைக்காரர் பெயரையும் எழுதுங்கள். சுடுகாடும் இடுகாடும் எங்கே என்று குறியுங்கள். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. விதியில் இல்லாவிட்டாலும் இதைச் செய்யக் கூடாது என்று விதி எதுவும் தடுக்கவில்லை.

என் பங்குக்கு நான் ஒன்று ஆரம்பித்திருக்கிறேன். பழைய மஸ்கெலியா கடைத்தெருவை நினைவிலிருந்து ஒரு சார்ட் அட்டையில் வரைகிறேன். புடவைக் கடை, அதற்கு எதிரே ரொட்டிக் கடை, தபால் ஆபீஸ் போகிற சந்து, கோயில், மசூதி, விகாரைக்கு ஏறுகிற படி. என் தங்கை ஒரு இடம் சொல்கிறாள், நான் ஒரு இடம் சொல்கிறேன், சண்டை வருகிறது. அவளுக்கு அப்போது ஆறு வயதுதான், ஆனால் என்னைவிட நன்றாகவே ஞாபகம் வைத்திருக்கிறாள். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பொன்னமராவதிப் பக்கம் அந்தக் காலத்தில் மஸ்கெலியா, நோர்வூட், அட்டன் கடைகளில் இருந்தவர்களின் குடும்பங்கள் நிறையவே உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அங்கே இருந்திருந்தால் ஒரு பத்து நிமிஷம் அவர்களோடு உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். பழைய போட்டோ இருந்தால் அனுப்புங்கள். வைகை, மேட்டூர், பவானிசாகர் ஊர்க்காரர்கள் இருந்தாலும் உங்கள் தெருவை எழுதுங்கள். கமெண்டில் "சூப்பர் டீச்சர்" என்று போட்டுவிட்டு ஓடிவிடக் கூடாது. மசூதியிலிருந்து பஸ் நிற்கிற இடம் வரைக்கும் வலது பக்கத்தில் இரண்டு கடைகள் என் அட்டையில் இன்னும் காலியாக இருக்கின்றன. ஒன்று சவரக் கடை என்று தங்கை சொல்கிறாள். மற்றது என்ன கடை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.